ஆசிரியருக்கு வீட்டிலேயே செய்யும் விடுமுறைப் பரிசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி நீண்ட விடுமுறைக்கு மூட ஒரு மாதம் இருக்கும்போதே பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். நான் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவும்கூட. ஆசிரியர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பத்திரப்படுத்துவது எது, யாருக்காவது கொடுத்துவிடுவது எது என்று பார்த்திருக்கிறேன். மறுநாள் காலைக்குள் முடிக்க வேண்டுமே என்று ராத்திரி பத்து மணிக்குப் பசையும் கத்தரிக்கோலுமாகத் தரையில் உட்கார்ந்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஆசிரியருக்குப் பரிசு கொடுத்தே ஆக வேண்டுமா?

கட்டாயமே இல்லை. பரிசு தந்த பிள்ளை, தராத பிள்ளை என்று நல்ல ஆசிரியர் யாரும் மனதில் கணக்கு வைப்பதில்லை. வீட்டில் பணம் இறுக்கமான மாதம் என்றால் இதற்காக ஒரு பைசாவும் செலவழிக்க வேண்டாம். நன்றி சொல்ல ஆசையாக இருந்தால் ஒரு தாளும் பேனாவும் போதும். கீழே சொல்லியிருக்கும் மற்றதெல்லாம் அந்தத் தாளுக்குத் துணையாகப் போகிறவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்கள் எதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்?

கடிதங்களை. என் அலமாரியில் ஒரு ஷூ பெட்டி இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் பிள்ளைகளும் பெற்றோரும் எழுதித் தந்த தாள்கள்தான். கூடவே வந்த பொருள்களில் பல தீர்ந்துவிட்டன, சில உடைந்துவிட்டன, சிலவற்றை யார் தந்தார்கள் என்பதுகூட நினைவில்லை. தாள்கள் அப்படியே இருக்கின்றன. மணி பார்க்க வராமல் தவித்த ஒரு பையன், காகிதத் தட்டில் முள் குத்தி நான் செய்து காட்டிய கடிகாரத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தான். இப்போது தங்கைக்கு அவன்தான் மணி பார்க்கச் சொல்லித் தருகிறானாம். வேலை கசந்துபோகும் நாட்களில் நான் எடுத்துப் படிப்பது அந்த நான்கு வரியைத்தான்.

அதனால் எந்தப் பரிசைச் செய்தாலும் அதோடு கையெழுத்தில் சில வரிகள் போகட்டும். பரிசைச் செய்யவே நேரமில்லாமல் போனாலும் அந்த வரிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சரி, அந்தக் கடிதத்தில் என்ன எழுதுவது? 'நன்றி' என்பதற்கு மேல் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

எல்லாருக்கும் பொருந்தும் வாக்கியத்தைத் தள்ளிவிட்டு, உங்கள் பிள்ளைக்கு மட்டுமே நடந்த ஒரு விஷயத்தைத் தேடுங்கள். 'நீங்கள் சிறந்த ஆசிரியர்' என்பதை எந்த வாழ்த்து அட்டையும் சொல்லிவிடும். 'முதல் மாதம் முழுக்க வாசலில் அழுதுகொண்டே நின்றாள், நீங்கள் தினமும் அவளிடம் கரும்பலகை துடைப்பானைக் கொடுத்து உள்ளே கூட்டிப்போனீர்கள்' என்பதை நீங்கள் மட்டும்தான் எழுத முடியும்.

நினைவுக்கு வரவில்லையா? பிள்ளையிடம் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். டீச்சர் உன்னைச் சிரிக்க வைத்தது எப்போது? எது முதலில் கஷ்டமாக இருந்து அப்புறம் சுலபமானது? டீச்சர் அடிக்கடி சொல்வது என்ன? மூன்றில் ஒன்றுக்காவது நல்ல பதில் வரும். அதை அப்படியே எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். பிள்ளை எழுதியதைத் திருத்தி வெள்ளைத்தாளில் மறுபடி எழுத வைக்காதீர்கள். அழித்து எழுதிய தடத்தோடு வருகிற தாள்தான் எனக்குப் பிடிக்கும். பெயரும் வகுப்பும் வருடமும் மறக்காமல் போடுங்கள். பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது அது தேவைப்படும்.

இன்னும் எழுதவே தெரியாத குழந்தை என்றால்?

அது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். வார்த்தைகளை அழகுபடுத்த வேண்டாம், 'எங்க டீச்சருக்கு ரெண்டு கண்ணாடி இருக்கு' என்றால் அதையே எழுதுங்கள். கீழே குழந்தை ஒரு படம் வரையட்டும். அது என்ன படம் என்று ஓரத்தில் சின்னதாகக் குறித்துவிடுங்கள். வரைந்தது டீச்சரா நாய்க்குட்டியா என்று தெரியாமல் நான் விழித்தது உண்டு, குறிப்பு இருந்தால் சந்தோஷம் இரட்டிப்பு.

பள்ளியில் பரிசு வாங்கக் கூடாது என்று விதி இருக்குமா?

சில பள்ளிகள் ஆசிரியர் பரிசு பெறுவதையே தடுக்கின்றன, சிலவற்றில் மதிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. உணவுப் பொருளைப் பள்ளிக்குள் கொண்டுவரத் தடை உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். வீட்டில் செய்த சின்னப் பொருளையும் கடிதத்தையும் வேண்டாம் என்று சொல்லும் இடம் குறைவு.

எதைச் செய்யாமல் இருப்பது நல்லது?

காபிக் கோப்பை வேண்டாம். ஆசிரியர் அறையில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. சுவரில் மாட்டுவதும், மேசையில் வெறுமனே நிற்பதும் வேண்டாம். எங்கள் மேசை நோட்டுப் புத்தகங்கள் வைக்கவே பத்தாது. தீர்ந்துபோகிற பொருள், தினமும் கைக்கு வருகிற பொருள், தட்டையாக எங்கேயாவது செருகிக்கொள்கிற பொருள் என்று இந்த மூன்றுக்குள் யோசியுங்கள்.

தூக்கலான வாசனையும் வேண்டாம். வாசனையால் தலைவலியோ மூச்சிரைப்போ வருகிறவர்கள் நிறைய. ஆசிரியருக்குப் பிடித்த வாசனை உறுதியாகத் தெரிந்தாலொழிய, வாசனையே இல்லாமல் செய்வதுதான் பாதுகாப்பு.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

கையால் தைத்த நோட்டு. எந்த ஆசிரியருக்கும் குறித்து வைக்க ஒரு நோட்டு வேண்டியிருக்கும். செலவு கிட்டத்தட்ட இல்லை. பத்து வயதுப் பிள்ளை தானே செய்யலாம். அதைவிடச் சின்னப் பிள்ளை அட்டையில் படம் வரைந்து தரலாம், தையலை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ஏ4 தாள் 8 எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அச்சான தாள் வேண்டாம், புதிய தாளாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 16 இதழ், 32 பக்கம் கிடைக்கும். கெட்டி அட்டை ஒன்றை அதே மாதிரி மடித்து வெளியே போடுங்கள். மடிப்பு கூர்மையாக விழ ஒரு கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தால் போதும்.

நோட்டை நடுப்பக்கத்தில் விரித்து, மடிப்புக் கோட்டில் மூன்று ஓட்டை போடுங்கள். ஒன்று நடுவில், மற்ற இரண்டும் மேல் முனையிலிருந்தும் கீழ் முனையிலிருந்தும் 4 அல்லது 5 செ.மீ. தள்ளி. தடித்த ஊசியோ, பெரியவர் கையில் சின்ன ஆணியோ இதற்குப் போதும், அடியில் ஒரு மடித்த துணி வையுங்கள். நூல் நோட்டின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கட்டும். எம்பிராய்டரி நூல் நன்றாக உழைக்கும். அதை ஒருமுறை மெழுகுவர்த்தியில் உரசி இழுத்தால் சிக்காது.

உள்ளே, நடு ஓட்டையில் ஊசியை விட்டு வெளியே எடுங்கள், ஒரு சாண் நூலை உள்ளேயே விட்டுவைத்து. வெளிப்புறமாக மேல் ஓட்டைக்குப் போய் உள்ளே வாருங்கள். இப்போது உள்பக்கம் நடு ஓட்டையைத் தாண்டி நேராகக் கீழ் ஓட்டைக்குப் போய் வெளியே எடுங்கள். வெளிப்புறமாக நடு ஓட்டைக்குத் திரும்பி உள்ளே வாருங்கள். இரண்டு நூல் முனையும் நடுவில் ஓடும் நீளத் தையலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று இருக்கும்படி பார்த்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். அவ்வளவுதான் தையல். நூலைத் தாளின் மடிப்புக்கு இணையாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் தாள் கிழிந்துவிடும். கடைசியில் உள்தாள்கள் ஓரத்தில் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், ஸ்கேல் வைத்து நறுக்கிவிடலாம்.

முதல் பக்கத்திலேயே உங்கள் கடிதத்தை எழுதிவிடுங்கள். தனியாகத் தொலைந்துபோகாது. முதல் நோட்டு தைக்க அரைமணி நேரம் ஆகும், மூன்றாவதற்கு வரும்போது பத்து நிமிடம்.

புக்மார்க் ரொம்பச் சாதாரணமாகத் தெரியாதா?

நன்றாகச் செய்தால் தெரியாது. கடைசி நிமிடத்தில் வெட்டிய தாள் துண்டுக்கும், பூ பதித்த கெட்டி அட்டைக்கும் வித்தியாசம் இருக்கிறது. மெல்லிய இதழுள்ள பூ, சின்ன இலை, புல் என்று பறித்து, இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவில் வைத்து, தடித்த புத்தகத்துக்குள் 2 முதல் 3 வாரம் விட்டுவிடுங்கள். மேலே இன்னும் சில புத்தகங்களை அடுக்குங்கள். ஈரம் அதிகமுள்ள கனத்த பூக்கள் பூசணம் பிடித்துவிடும், அவற்றை விட்டுவிடுங்கள். காய்ந்ததும் 5 செ.மீ. அகலமும் 15 செ.மீ. நீளமும் உள்ள அட்டையில் புள்ளி புள்ளியாகப் பசை தொட்டு ஒட்டி, மேலே ஒட்டும் கண்ணாடித்தாள் போட்டு மூடுங்கள். மூன்று வாரம் முன்னதாகத் தொடங்க வேண்டும் என்பது ஒன்றுதான் இதில் கஷ்டம்.

நேரமில்லை என்றால் பக்க மூலையில் தொப்பிபோல் மாட்டும் புக்மார்க். 15 செ.மீ. சதுரத் தாளை மூலைவிட்டமாக மடித்து முக்கோணமாக்குங்கள். அடிப்பக்கத்தின் இரு மூலைகளையும் உச்சிக்குக் கொண்டுபோய் மடித்து, மறுபடி விரித்துவிடுங்கள். உச்சியிலிருக்கும் இரண்டு முனைகளில் முன்னால் இருப்பதை மட்டும் கீழே மடியுங்கள், பை மாதிரி ஒன்று கிடைக்கும். பக்கத்து மூலைகளை மறுபடி மேலே மடித்து அந்தப் பைக்குள் செருகினால் முடிந்தது. ஏழு வயதுப் பிள்ளை இரண்டாம் முறையில் கற்றுக்கொண்டுவிடும். விதவிதமான தாளில் ஐந்தாறு செய்து ஒரு உறையில் போட்டுக் கொடுத்தால் ஆசிரியர் வகுப்பு நூலகத்துக்கும் வைத்துக்கொள்வார்.

செடி கொடுக்கலாமா?

தாராளமாக. ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: விடுமுறைக்கு முன் கொடுத்தால் செடி வகுப்பறையிலேயே தங்கிப் பூட்டிய அறைக்குள் வாடிவிடக் கூடும். வீட்டுக்கு எடுத்துப் போகும் அளவு சின்னதாக, மூடி போட்ட பையில் வைக்கும்படி கொடுங்கள்.

சுலபமானது மணி பிளாண்ட். கொடியில் கணு இருக்கும் இடத்துக்கு ஒரு விரல் கீழே வெட்டி, இரண்டு மூன்று இலை இருக்கும் துண்டாக எடுங்கள். கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியேயும் இருக்கும்படி கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். கணு இல்லாத தண்டு எத்தனை நாள் வைத்தாலும் வேர்விடாது, பலர் தவறுவது இங்கேதான். வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் வேண்டாம். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் 2 முதல் 4 வாரத்தில் வேர் வரும். அந்தப் பாட்டிலோடு அப்படியே கொடுக்கலாம். ஆசிரியர் வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் மணி பிளாண்ட் வேண்டாம். அதைக் கடித்தால் அவற்றுக்கு வாய் எரியும், வாந்தி வரும். அங்கே ஸ்பைடர் பிளாண்ட் கொடுக்கலாம், அதன் குட்டிச் செடிகளும் இதே மாதிரி தண்ணீரில் வேர்விடும்.

சாப்பிடும் பொருள் செய்து தரலாமா?

தரலாம், ஆனால் உலர்ந்த பொருளாக இருக்கட்டும். ஒரே வாரத்தில் முப்பது வீட்டுத் தின்பண்டம் வந்தால் யாராலும் சாப்பிட முடியாது. உலர்கலவை என்றால் விடுமுறையில் நிதானமாகக் கலந்து குடிக்கலாம்.

நான் பலமுறை செய்தது கோகோ பானக் கலவை. பால்பவுடர் 1 கப், இனிப்பில்லாத கோகோ பவுடர் அரை கப், பொடித்த சர்க்கரை அரை கப், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் சேர்த்து இருமுறை சலித்தால் கட்டி வராது. ஏறக்குறைய அரை லிட்டர் பாட்டில் நிறையும். ஒரு டம்ளர் வெந்நீருக்கு 3 மேசைக்கரண்டி என்று லேபிளில் எழுதுங்கள், பத்து டம்ளருக்கு வரும். பாட்டில் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் கலவை கல்லாகிவிடும்.

லேபிளில் செய்த தேதியும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதும் கட்டாயம் வேண்டும். பால், கோதுமை, முட்டை, நிலக்கடலை, முந்திரி, பாதாம், எள், சோயா எல்லாம் சிலருக்கு ஒவ்வாமை தருபவை. அதே சமையலறையில் கடலை வறுத்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம்: பச்சைப் பூண்டையோ பச்சை மூலிகையையோ எண்ணெயில் ஊறப்போட்டு அழகான பாட்டிலில் தருவது. எண்ணெய்க்குள் காற்று புகாது. அந்தச் சூழலில் போட்டுலிசம் என்ற கடுமையான நோயைத் தரும் விஷத்தை உண்டாக்கும் கிருமி வளரும். வாசனையிலோ நிறத்திலோ அது தெரியாது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இது பரிசாகப் போகக் கூடாத பொருள்.

மெழுகுவர்த்தி, சோப்பு, கைக்குத் தடவும் பாம்: இவற்றை வீட்டில் செய்வது பாதுகாப்பா?

மூன்றில் நான் முதலில் சொல்வது கைப் பாம். சாக்பீஸ் தூளும், அடிக்கடி கை கழுவுவதும் ஆசிரியர் கையை வறட்டிவிடும். பாம் உண்மையாகவே பயன்படும். தேன்மெழுகு 20 கிராம், ஆலிவ் எண்ணெய் 70 கிராம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதன்மேல் இன்னொரு பாத்திரத்தில் இரண்டையும் வைத்து உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்குமேல் காய்ச்ச வேண்டியதில்லை. சின்ன மூடி டப்பாக்களில் ஊற்றி ஆறவிட்டால் மூன்று டப்பா வரும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் திரும்ப உருக்கி எண்ணெய் கொஞ்சம் சேர்க்கலாம். இதில் தண்ணீர் இல்லாததால் சீக்கிரம் கெடாது, ஆறு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

மெழுகுவர்த்தி என்றால் பெரியவர் வேலை. நேரடித் தீயில் மெழுகை வைக்கவே கூடாது, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல்தான். அடுப்பை விட்டு நகரக் கூடாது. மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள். வெப்பம் தாங்கும் கண்ணாடியில் மட்டும் ஊற்றுங்கள். சோயா மெழுகில் வாசனை எண்ணெய் சேர்க்கும் எண்ணமிருந்தால் மெழுகின் எடையில் 6 சதவீதம் போதும். ஊற்றிய பின் ஒன்று இரண்டு வாரம் வைத்தால்தான் வாசனை நன்றாக எழும். திரியை 6 மி.மீ. அளவுக்கு நறுக்கிக் கொடுங்கள், ஒரே தடவையில் 4 மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டாம் என்றும் எழுதி வையுங்கள்.

சோப்பை அடியிலிருந்து செய்யக் காஸ்டிக் சோடா வேண்டும். அது தோலையும் கண்ணையும் எரித்துவிடும், சோப்பு பக்குவமாகவும் 4 முதல் 6 வாரம் ஆகும். பிள்ளைகளோடு சேர்ந்து செய்வதற்கு அது ஏற்றதில்லை. உருக்கி ஊற்றும் சோப்புக் கட்டி கிடைக்கும், அது போதும். ஆறியதும் உடனே பிளாஸ்டிக் தாளில் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வியர்த்துவிடும்.

மூன்று நான்கு வயதுக் குழந்தை எதைச் செய்ய முடியும்?

தாள் முழுக்க வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். விரல் அச்சு, இலை அச்சு, தூரிகைக் கிறுக்கல், எதுவானாலும். காய்ந்ததும் அந்தத் தாளே நோட்டின் அட்டையாகும், பரிசு சுற்றும் காகிதமாகும், வெட்டினால் புக்மார்க்காகும். குழந்தை செய்யட்டும் என்று கொடுத்துவிட்டு, பாதியில் வாங்கி நீங்களே முடிக்காதீர்கள். அதில் குழந்தையின் கை தெரியாமல் போய்விடும்.

எட்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் எப்படிச் செய்வது?

எல்லாருக்கும் ஒரே பொருள். ஒரு சாயங்காலம் எட்டு நோட்டுக்கும் தாள் மடிப்பு, மறுநாள் எட்டுக்கும் ஓட்டை, அப்புறம் எட்டுக்கும் தையல் என்று வரிசையாகச் செய்தால் கை ஓடும். ஒவ்வொன்றாக முழுசாகச் செய்யப் போனால் மூன்றாவதிலேயே அலுத்துவிடும். கடிதம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டும், இரண்டே வரியானாலும் சரி. இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கடிதத்துக்குமேல் எழுதினால் பிள்ளை ஒரே வாக்கியத்தைத் திரும்ப எழுத ஆரம்பித்துவிடும்.

வகுப்பே சேர்ந்து ஒன்று கொடுக்க நினைக்கிறோம்.

வகுப்புப் புத்தகம் செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே அளவுத் தாள் கொடுத்து, ஒரு பக்கம் கடிதம், மறுபக்கம் படம் என்று சொல்லுங்கள். கடிதப் பக்கத்தில் இடது ஓரத்திலும், படப் பக்கத்தில் வலது ஓரத்திலும் மூன்று செ.மீ. காலியாக விடச் சொல்ல மறக்காதீர்கள். இல்லையென்றால் கோக்கும்போது எழுத்து உள்ளே போய்விடும். எல்லாவற்றையும் அடுக்கி, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, ஓரத்தில் பஞ்ச் செய்து ரிப்பனில் கட்டினால் போதும். தாள் தராத பிள்ளையின் பெயர் விடுபட்டுவிடக் கூடாது. கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னாலேயே பட்டியலைப் பார்த்து, விடுபட்டவர்களிடம் ஒருவர் தாளோடு போய் உட்கார்ந்து எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு பெயர் இல்லாவிட்டாலும் ஆசிரியர் கண்ணில் முதலில் படுவது அதுதான், அந்தப் பிள்ளைக்கும் அது வலிக்கும்.

பணம் வசூலிக்காதீர்கள். தாளும் ரிப்பனும் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும்.

இன்று ராத்திரிதான் நினைவு வந்தது. நாளை கடைசி நாள்!

கடிதம் எழுதுங்கள். அதன்பின் அரைமணி மிச்சமிருந்தால் வகுப்பறை உதவிப் பெட்டி ஒன்று தயார் செய்யுங்கள். வீட்டிலிருக்கும் சுத்தமான டின் ஒன்றை எடுத்து, விளிம்பில் கூர்மை இருந்தால் தடித்த டேப் ஒட்டி மூடி, பிள்ளை வரைந்த தாளைச் சுற்றுங்கள். உள்ளே சீவிய பென்சில் பத்து, அழிப்பான், ஊக்கு, ரப்பர் பேண்ட், ஒட்டும் பிளாஸ்டர். பென்சில் கொண்டுவராத பிள்ளைக்குத் தினமும் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஆசிரியருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு ஒருமுறை கிடைத்த பெட்டி அந்த வருடம் முழுக்க மேசையில் இருந்தது.

எதில் சுற்றிக் கொடுப்பது?

பழைய செய்தித்தாள், பிள்ளையின் ஓவியம், மிச்சத் துணி எல்லாம் நன்றாகவே இருக்கும். மேலே சணல் கயிறு. கண்ணாடி பாட்டிலைச் சுற்றுவதாக இருந்தால் துணிதான் நல்லது. மினுக்குத் தூள் மட்டும் வேண்டாம், வகுப்பறை முழுக்கச் சிந்தி மாதக்கணக்கில் போகாது.

ஆசிரியர் எந்தப் பண்டிகை கொண்டாடுகிறார் என்று தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை. 'விடுமுறையில் நன்றாக ஓய்வெடுங்கள்' என்று எழுதுங்கள். எல்லாருக்கும் பொருந்தும், உண்மையாகவே எங்களுக்கு அது தேவை.

வகுப்பாசிரியருக்கு மட்டும் போதுமா?

உங்கள் பிள்ளையின் நாளில் வேறு யாரெல்லாம் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேருந்து ஓட்டுநர், நூலகர், விளையாட்டு ஆசிரியர், சின்னக் குழந்தைகளுக்குக் கைகழுவி விடும் ஆயா, சிறப்புக் கல்வி ஆசிரியர். இவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் எதுவும் எழுதுவதில்லை. ஒரு புக்மார்க்கும் மூன்று வரியும் போதும். எங்கள் பள்ளியில் ஒரு துப்புரவுப் பணியாளருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த அட்டையை அவர் தன் பொருள்கள் வைக்கும் அறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். ஓரம் மடிந்து போனபோது டேப் போட்டு மறுபடி ஒட்டினார்.

எப்போது, எப்படிக் கொடுப்பது?

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு. கடைசி நாள் பெரும் கூச்சலாக இருக்கும், கையில் எது வந்தது என்று பார்க்க முடியாது. எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்படி கொடுக்க வேண்டாம். கொண்டுவராத பிள்ளையின் முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். காலையில் வகுப்பு தொடங்கும் முன், அல்லது வீட்டுக்குக் கிளம்பும்போது. முடிந்தவரை பிள்ளையே கொடுக்கட்டும். உணவோ செடியோ இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலேயே எழுதிவிடுங்கள். விடுமுறை முழுக்கப் பை பூட்டிய அறையில் கிடந்துவிடக் கூடாது.

இந்த வருடம் என் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஒத்துப்போகவே இல்லை. என்ன எழுதுவது?

பொய் எழுத வேண்டாம். உண்மையாக நடந்த ஒரு நல்லதைத் தேடுங்கள், அது சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டுப்பாடத்தை ஒழுங்காகத் திருத்தித் தந்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று உடனே அழைத்துச் சொன்னார் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதற்கு மட்டும் நன்றி சொல்லுங்கள். மனத்தாங்கல் இருந்தால் அதை விடுமுறை முடிந்தபின் நேரில் உட்கார்ந்து பேசுங்கள், பரிசோடு கலக்க வேண்டாம். ஒன்றுமே எழுத மனம் வரவில்லை என்றால் இந்த முறை விட்டுவிடலாம்.

கொடுத்தோம். ஆசிரியர் ஒன்றுமே சொல்லவில்லை. பிடிக்கவில்லையோ?

அந்த வாரம் மதிப்பெண் பட்டியல், அறை ஒழுங்கு, பெற்றோர் அழைப்பு என்று தலை நிமிர முடியாது. பலர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய்த்தான் பிரிப்போம். நானும் விடுமுறையின் முதல் நாள் காலையில், வீடு அமைதியாக இருக்கும்போது, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கடிதமாகப் படிப்பேன். அப்போது நன்றி சொல்லப் பிள்ளை எதிரில் இருக்காது, பள்ளி திறக்கும்போது வேறு வேலைகள் வந்துவிடும். பதில் வராவிட்டாலும் கடிதம் படிக்கப்பட்டிருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.